கம்பம் நடுவதற்குள்

ஓசூரிலிருந்து காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு பிரபா தன் அப்பா வீட்டில் வந்து இறங்கியதையும், நாற்பத்திரண்டு வயசில் இதென்ன கூத்து என்று தெருவே எட்டிப் பார்த்ததையும் போன வாரம் பார்த்தோம்.

வந்தது திங்கட்கிழமை. இன்று செவ்வாய். இன்றைக்குப் பொழுது இறங்குவதற்குள் மகள் கனிஷ்காவைக் கூட்டிக்கொண்டு அவள் ஊர் எல்லையைத் தாண்டியாக வேண்டும்.

காரணம், மாரியம்மன் நோம்பி. இரவு ஏழு மணிக்குக் கோயில் முன்னால் கம்பம் நட்டுத் திருவிழாவைத் தொடங்குகிறார்கள். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். பரமத்திக்கு மேற்கே இருக்கிற இந்த ஊரில் வழக்கம் இதுதான்: கம்பம் நடும்போது எல்லைக்குள் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள், கட்டிக்கொடுத்த பெண்களும் சேர்த்துத்தான், கோயில் பொங்கல் முடிந்து கம்பத்தைப் பிடுங்குகிற வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ராத்திரிக்கு ஊருக்குள் வந்துவிட வேண்டும். அப்படிப் பதினைந்து நாள்.

பிரபாவின் போட்டி பன்னிரண்டாவது நாள் வருகிறது. ஓசூர் தாண்டி ஓர் ஏரியில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், கரையேறி இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். முந்தின நாள் சாயங்காலமே போய்ப் பேர் கொடுத்து, சைக்கிளை ஒப்படைத்துவிட்டு அங்கேயே தங்க வேண்டும். கம்பத்தில் மாட்டினால் போட்டி போச்சு.

ஏன் இந்தப் போட்டி என்று கேட்டவர்களிடமெல்லாம் "உடம்பு குறைக்க" என்றே பிரபா சொல்லி வைத்திருந்தாள். அது அம்மா சௌந்திரத்தின் உத்தரவு. உண்மை வேறு. கனிஷ்காவுக்குப் பத்து வயசிலேயே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரையில் அடங்குகிற பெரியவர்கள் சர்க்கரை இல்லை. தினமும் நாலு வேளை இன்சுலின் ஊசி போட்டால்தான் உண்டு என்கிற சர்க்கரை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத்தான் இந்தப் போட்டியை நடத்துகிறார்கள். முடிக்கிற ஒவ்வொருவர் பேரிலும் ஒரு குழந்தைக்கு ஒரு வருஷத்து மருந்து. பிரபாவுக்கு எழுதியிருப்பது தமிழினி என்கிற ஆறு வயசுப் பெண்ணை. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு தடவை அந்தக் குழந்தையை மடியில் வைத்திருந்திருக்கிறாள். அதற்கப்புறம் நடுவில் விட்டுவிடலாம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

கனிஷ்காவுக்கு இப்போது பதினாலு. இந்த நாலு வருஷமாக விஷயம் தெரிந்தவர்கள் பிரபா, அவள் வீட்டுக்காரர் நந்தகுமார், சௌந்திரம், மூன்றே பேர். கனிஷ்காவின் அப்பச்சி, பிரபாவின் அப்பா கந்தப்பனுக்குக்கூடத் தெரியாது.

"அவருகிட்டச் சொன்னா டீக்கடையில சொன்ன மாதிரி. நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குப் போவோணும் அவ," என்று சௌந்திரம் அன்றைக்கே வாயைக் கட்டிவிட்டாள்.

---

காலை ஆறு மணி. பிரபா சைக்கிளை வாசலுக்கு எடுத்து வந்தாள்.

"சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டயா?" என்றாள் சௌந்திரம் மெதுவாக.

"போட்டாச்சுங்கம்மா."

போட்டிக்காரர்கள் கொடுத்த பனியன் அது. முதுகில் பெரிய எழுத்தில் 'சர்க்கரையோடு வாழும் குழந்தைகளுக்காக' என்று போட்டிருந்தது. சைக்கிளில் அதைப் போட்டுத்தான் பழக வேண்டும் என்பதால் பிரபா உள்ளே வெளியே மாற்றிப் போட்டிருந்தாள். தையல் ஓரமெல்லாம் வெளியே தெரிந்தது.

திட்டம் இதுதான். பதினாலு கிலோமீட்டர் சைக்கிளில் பரமத்தி வேலூர் போய்ச் செல்லாயி அத்தையைப் பார்ப்பது. அங்கே வாய்க்காலில் நீச்சல். திரும்பச் சைக்கிள். ஆறு மணிக்குக் காரை எடுத்தால் ஓசூருக்குப் பத்துக்குள் போய்விடலாம். பார்க்க வேண்டியவர்களைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, பழகின மாதிரியும் ஆச்சு. இரண்டு மாதமாக எந்த ஊருக்குப் போனாலும் அவள் இப்படித்தான்.

"ஒத்தையில உன்னை ரோட்டுல உட முடியாது," என்று கந்தப்பன் டிவிஎஸ் எக்ஸெல்லை உதைத்துக் கிளப்பினார். நாற்பது வருஷம் லாரி ஓட்டி உட்கார்ந்தவர். "சாமி, நீ பின்னாடி ஏறு. உங்கம்மாளுக்கு நாம எஸ்கார்ட்டு."

கனிஷ்கா ஏறிக்கொண்டாள். தோளில் அவளுடைய சின்னப் பை. அதில் ஊசிப் பேனாவும், விரலில் குத்தி ரத்தம் பார்க்கிற மிஷினும் இருக்கும். குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் பிரபாவின் சைக்கிள் பையில் இருக்கும். இன்றைக்கு அந்தப் பையைக் கழற்றிவிட்டு, பஞ்சர் சாமானும் பம்ப்பும் வைக்கிற பையை மாட்டியிருந்தாள். மாட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை.

ரோட்டில் இறங்கியதும் பின்னாலிருந்து கந்தப்பனின் குரல் ஓயவில்லை.

"சைடு வாங்கு சைடு வாங்கு, டிப்பர் வருது."

"பார்த்துட்டுத்தாங்கப்பா இருக்கறேன்."

"பார்த்தா மட்டும் பத்தாது. அவன் நம்மளைப் பார்த்தானான்னு பார்க்கோணும்."

"இன்னும் வெசையா மிதிக்கோணுங்கப்பா. நேரம் பார்க்கறேன்."

"என்ன வெசை? எம்பது கிலோமீட்டர்ல போனவனே இன்னிக்கி டிவிஎஸ்ல போறான்."

கனிஷ்கா சிரிப்பை அடக்க முடியாமல் அப்பச்சி முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

---

செல்லாயி அத்தை கந்தப்பனுக்கு நேர் இளையவள். வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவே வீடு. சைக்கிளிலிருந்து இறங்கிய பிரபாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, சொந்தக்காரங்க ஊட்டுக்கு ஒறம்பரை வர்ற கோலமா இது? சட்டையைக்கூடத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்திருக்கறா."

"இப்ப அதுதான் பேஷனாம்," என்றார் கந்தப்பன். காலையில் அவரும் கேட்டிருந்தார். சௌந்திரம் சொன்ன பதில் அதுதான்.

பதினோரு மணிக்குத் திரும்புவதாக இருந்தது. அத்தை விடவில்லை.

"இந்த வெயில்ல மிதிச்சு மயங்கி உழுந்தா உம்புருசனுக்கு யாரு பதில் சொல்லறது? சோத்தைத் தின்னுட்டு, வெயில் தாழ நீஞ்சிட்டு, நாலரைக்குப் போ. ஏழு மணிக்குத்தான கம்பம்?"

கணக்குச் சரியாகத்தான் வந்தது. பிரபா ஒத்துக்கொண்டாள்.

மத்தியானம் இலை போடுவதற்கு முன்னால் கனிஷ்கா பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு உண்டான ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தாள். சாம்பார் ஊற்றிப் பாதி சாப்பிட்டிருப்பாள். அத்தை ஒரு தட்டு நிறையக் கச்சாயம் கொண்டுவந்து வைத்தாள். வெல்லப்பாகில் மாவைப் பிசைந்து எண்ணெயில் சுட்டது. இன்னும் சூடு ஆறவில்லை.

"எனக்கு வேண்டாம் பாட்டி."

"ஒன்னு தின்னு சாமி."

"இல்லீங்க, வேண்டாம்."

"உங்கப்பச்சிதான் ராத்திரி போன் பண்ணி, பேத்தி வாரா, கச்சாயம் சுடுன்னாரு. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு மாவு இடிச்சேன்." அத்தை அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஓசூர்க்காரிக்கு நம்மூட்டுது ஆவாதாட்ட இருக்குதுங்கண்ணா. டப்பாவுல அடைச்சு வந்தா தின்னுவாளோ என்னமோ."

கந்தப்பன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்த கனிஷ்கா மீதிச் சோற்றை அப்படியே விட்டு இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

பிரபா அதைப் பார்த்தாள். ஊசி போட்ட அளவுக்குச் சாப்பிடவில்லையே என்று மனசில் ஓடியது. சொல்ல வாயெடுத்தாள். அத்தை முன்னால் எப்படிச் சொல்வது? அப்புறம் ஒரு வாழைப்பழம் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அந்த அப்புறம் வரவில்லை.

---

மூன்றரைக்கு வாய்க்காலில் இறங்கினாள் பிரபா. தண்ணீர் நெஞ்சளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இழுப்போடு நூறு அடி போவது சுலபம். திரும்பி எதிர்த்து வருவதில்தான் தோளெல்லாம் கழன்றது.

"தலையை வெளிய வெச்சு நீஞ்சு புள்ள. மூச்சு எப்படி உடுவ?" என்று கரையிலிருந்து அத்தை கத்தினாள்.

"அது அப்படித்தாங்கத்தை நீந்தோணும்."

"எருமைகூடத் தலையைத் தூக்கித்தான் நீஞ்சுது."

கனிஷ்காவுக்குப் பொறுக்கவில்லை. அவளும் சுடிதாரோடு இறங்கிவிட்டாள். தாய்க்கும் பிள்ளைக்கும் போட்டி வந்தது. மூன்று தடவை ஏறி இறங்கினார்கள். மூன்றாவது தடவை கனிஷ்காதான் முந்தினாள். மத்தியானத்து முகவாட்டமெல்லாம் போய் அவள் சிரித்ததைப் பார்த்து, பிரபாவுக்கும் மற்றதெல்லாம் மறந்து போனது. அத்தை கச்சாயத்தை நியூஸ் பேப்பரில் சுற்றி, அண்ணனுக்கென்று டிவிஎஸ் கவருக்குள் வைத்தாள்.

நாலேமுக்காலுக்குக் கிளம்பினார்கள்.

ஐந்து கிலோமீட்டர் வந்திருப்பார்கள். பின்னால் டிவிஎஸ் சத்தம் நின்றுவிட்டது. பிரபா திரும்பிப் பார்த்தாள்.

கந்தப்பன் வண்டியை ஒரு காலில் தாங்கிக்கொண்டு, ஒரு கையைப் பின்னால் வளைத்துப் பேத்தியைப் பிடித்திருந்தார். கனிஷ்காவின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது.

"பிரபா. புள்ளை நடுங்குது. என்னமோ ஒளறுது."

பிரபா சைக்கிளைப் போட்ட இடம் தெரியவில்லை. ஓடினாள். மகளின் கழுத்தும் நெற்றியும் ஈரமாக, சில்லென்று இருந்தன. கண் எங்கேயோ பார்த்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. ஊசி போட்டு, பாதிச் சோறு தின்று, ஒரு மணி நேரம் நீந்தியிருக்கிறாள். இறங்காமல் என்ன செய்யும்?

இரண்டு பேருமாய் அவளை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பிரபா சைக்கிள் பையைத் திறந்தாள். ரப்பர் டியூப், பம்ப்பு, ஸ்பேனர். குளுக்கோஸ் இல்லை. கனிஷ்காவின் பையைக் கொட்டினாள். அதில் இருந்தது காலிப் பாக்கெட். ஊர் பேர் தெரியாத குழந்தைகளுக்காக ரெண்டு மாதமாக ஓடுகிறவள், தன் பிள்ளைக்கு ஒரு பாக்கெட் எடுத்து வைக்க மறந்திருக்கிறாள்.

"அப்பா, கச்சாயம். அந்தக் கச்சாயத்தை எடுங்க."

"இப்பப் போயி..."

"எடுங்கப்பா."

பேப்பரைக் கிழித்து, ஒன்றைப் பிய்த்து மகள் வாயில் வைத்தாள். "மெல்லு சாமி. கனி, மெல்லு. முழுங்கு. இன்னொரு வாய்." தண்ணீரைக் குடிக்க வைத்தாள். மறுபடியும் ஒரு துண்டு.

கந்தப்பன் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் தட்டில் வைத்தபோது வேண்டாம் என்றவள் அதையே வாய் வாயாகத் தின்கிறாள். கொடுக்கக் கூடாது என்பது போல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவே ஊட்டுகிறாள்.

கால் மணி நேரம் கழித்துப் பிரபா மகளின் விரலில் குத்தி மிஷினில் வைத்துப் பார்த்தாள். ஏறியிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தாள். இன்னும் ஏறியிருந்தது. கனிஷ்காவுக்கு முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது.

"இது என்ன மிசினு?" என்றார் கந்தப்பன்.

பிரபா வாயைத் திறப்பதற்குள் கனிஷ்கா சொன்னாள். "எனக்குச் சர்க்கரை அப்பச்சி. நாலு வருசமா. ஊசி போட்டா குறையும். ரொம்பக் குறைஞ்சா இப்படி ஆயிரும். அப்ப மட்டும் இனிப்புச் சாப்பிடணும்."

கந்தப்பன் அப்படியே எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஊசி யாரு போடுவா?"

"நானேதான்."

"இன்னிக்கும் போட்டயா?"

"மத்தியானம் போட்டேன். பாட்டி வீட்டு பாத்ரூம்ல."

"கதவைச் சாத்திக்கிட்டா?"

"ஆமாங்க."

அவர் வேறெங்கோ பார்த்தார். ரோட்டில் ஒரு கரும்பு லாரி போய்த் தூசி அடங்கியது.

"காலைல இருந்து உன்ற முதுகுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கப் பார்க்கறேன்," என்றார் பிரபாவிடம். "எழுத்து திரும்பி நிக்குது. இதுதானா?"

"ஆமாங்கப்பா."

"நாப்பது வருசம் ஊரான் ஊரான் என்னை நம்பி லோடு ஏத்தி உட்டான். முட்டை ஏத்தி உட்டான், ஒன்னு ஒடையாம கொண்டுபோய்ச் சேர்த்தேன். எம்பேத்தி சங்கதி ஒன்னை ஏத்தி உட உங்களுக்கு நம்பிக்கை இல்லை."

"அம்மாதாங்கப்பா..."

"அம்மா பேரைச் சொல்லாத. வாய் உனக்கும் இருக்குது."

பிரபா கொட்டிக் கிடந்ததைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். கனிஷ்காதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கச்சாயம் நல்லாருக்கு அப்பச்சி. நிசமா. வேண்டாம்னு சொன்னது அதுக்கில்லை."

"தெரிஞ்சு போச்சு சாமி," என்றார் அவர். "இப்பவாச்சும் தெரிஞ்சு போச்சு."

---

மெதுவாக வந்ததில் ஊர் எல்லைக்கு வரும்போது ஆறு நாற்பது. மஞ்சள் பூசிய எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமே கந்தப்பன் வண்டியை நிறுத்தினார். கோயில் பக்கமிருந்து மேளம் கேட்டது.

"நீங்க ரெண்டு பேரும் கல்லைத் தாண்டாதீங்க. நான் போய்க் காரை எடுத்துட்டு வந்தர்றேன். இப்படியே கெளம்பிப்போடுங்க. என்னென்ன எடுக்கோணும், சொல்லு."

"பேக்கு ரெண்டும் கட்டிலு மேல இருக்குதுங்க. அப்புறம் பிரிட்ஜ்ல தயிருக்குப் பின்னாடி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்னு. அதுலதான் மருந்து இருக்குது."

"அதுல மருந்தா?" கந்தப்பன் நின்றார். "நேத்து ராத்திரி ஹார்லிக்ஸ் கேட்டேன். தீந்து போச்சுன்னா உங்கம்மா. கண்ணு முன்னாடி பாட்டில் நிக்குது. எனக்குக் குடுக்கறதுக்குத்தான் மனசில்லைன்னு நெனச்சு, தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்தேன்."

அந்த நிலைமையிலும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. அவர் டிவிஎஸ்ஸை உதைத்தார்.

"அப்பச்சி, இருங்க," என்றாள் கனிஷ்கா. "எனக்கு உள்ள வரணும்."

"நேரமில்லை கனி," என்றாள் பிரபா. "உள்ள போனா மாட்டிக்குவோம்."

"தெரியும்மா. ஒவ்வொரு வருசமும் நோம்பிக்கு முன்னாடி ஓடிப்போயிடறோம். ஏன்? பதினஞ்சு நாள் தங்கினா ஊசி யாராவது பார்த்துருவாங்கன்னு. நான் கம்பம் பார்த்தது ஒன்பது வயசுல."

"போட்டி என்னாவது? தமிழினிக்கு என்ன சொல்லுவ?"

"நான் போட்டியை விடச் சொல்லலை. அப்பச்சிக்குச் சொன்ன மாதிரி எல்லார்கிட்டயும் சொல்லிக் கேட்போம். நிசத்தைச் சொல்லிக் கேட்டா விடமாட்டாங்களா? நீ எனக்காகத்தான ஓடற? அப்புறம் என்னையே ஒளிச்சு வெச்சுட்டு ஓடற."

பிரபாவுக்குச் சுருக்கென்றது. கல்லைப் பார்த்தாள். ஒரு எட்டு பின்னால் வைத்தால் ஓசூர், ஏரி, தமிழினிக்கு ஒரு வருஷத்து மருந்து. ஒரு எட்டு முன்னால் வைத்தால் எதுவும் நிச்சயமில்லை. மத்தியானம் தட்டில் வைத்த கச்சாயத்தை விட, மகள் பாத்ரூமுக்குள் போய்ச் சாத்திய கதவுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. நாலு வருஷமாக அந்தக் கதவை இந்தப் பக்கம் நின்று சாத்தியது யார்?

"அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்லறது? டிரைவரு நானில்லை," என்றார் கந்தப்பன். "அவ எங்க போவச் சொல்றாளோ அங்க போறேன்."

பிரபா சைக்கிளை உருட்டிக்கொண்டு கல்லைத் தாண்டினாள்.

---

மூன்று கிளையாகப் பிரிந்த வேப்பங்கம்பம். மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டியிருந்தார்கள். பூசாரி குழியில் இறக்கி மண் தள்ளினபோது மேளம் உச்சத்துக்குப் போய் நின்றது. கூட்டத்தில் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்ற சௌந்திரம், மகளையும் பேத்தியையும் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"ஏனுங்க, இவங்க இன்னும் கெளம்பலையா?"

கந்தப்பன் பதில் சொல்லாமல் நேரே கம்பத்துக்குப் போய்க் கும்பிட்டார். பிறகு தர்மகர்த்தா குணசீலன் பக்கம் திரும்பினார். திரும்பும்போது பேத்தியைப் பார்த்தார். கனிஷ்கா தலையை ஆட்டினாள்.

"குணசீலா, ஒரு வேண்டுதல். எம்மவ கம்பம் நடறதுக்குள்ள போவ முடியலை. பன்னண்டாம் நாளு அவ ஒரு போட்டிக்குப் போவோணும். முந்தின ராத்திரி அங்க தங்கியாவோணும். உத்தரவு குடுக்கோணும்."

"என்ன போட்டிங்கண்ணா?"

"சக்கரை வந்த சின்னப்புள்ளைங்களுக்கு ஊசி மருந்து கெடைக்கறதுக்காகப் போடற போட்டி. அவ முடிச்சா ஒரு புள்ளைக்கு வருசம் பூரா மருந்து." கந்தப்பனின் குரல் லாரிக்கு மேல் பேசிப் பழகின குரல். கடைசி ஆள் வரை கேட்டது. "எம்பேத்திக்கும் அதுதான். பத்து வயசுல வந்துது. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும்."

எல்லோரும் கனிஷ்காவைப் பார்த்தார்கள். பிரபா மகளின் பக்கத்தில் போய் நின்றாள்.

குணசீலன் யோசித்தார். "நல்ல காரியந்தானுங்க. ஆனா வழக்கத்தை நான் ஒருத்தன் மாத்த முடியாது. ஆத்தாளையே கேட்டுப்போடலாம். காலைல நடை தொறந்ததும் பூக் கேப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், செவப்பு ஒரு பொட்டணம். வெள்ளை வந்தா தாராளமாப் போய்த் தங்கிட்டு வரட்டும்."

"செவப்பு வந்தா?" என்றாள் பிரபா.

"வந்தா ஊர்லயே இருக்கறதுதானுங்க அம்மணி."

அதற்குள் பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் சௌந்திரத்தை நெருங்கிவிட்டாள். "ஏனுங்க்கா, இத்தனூண்டு புள்ளைக்குச் சக்கரைங்களா? பொட்டப் புள்ளை ஆச்சே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லீங்களே."

எது நடக்கக் கூடாது என்று சௌந்திரம் நாலு வருஷம் பயந்தாளோ, அது நடந்துவிட்டது. பிரபா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லிவிடுவாளோ, அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சமாளிப்பாளோ?

சௌந்திரம் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கணக்கு வீட்டில் தீரும். பிறகு பேத்தியைப் பார்த்தாள். ஊரே பார்க்க நிமிர்ந்து நின்றிருந்தாள் அந்தப் பெண்.

"சக்கரைதான் பழனியம்மா," என்றாள் சௌந்திரம். "நாலு வருசமாச்சு. ஒரு நாளைக்கு நாலு ஊசி, அவளே போட்டுக்கறா. ஒரு தடவை முகம் சுளிச்சு நான் பார்க்கலை. உன்ற மவன் ஆணி குத்துனதுக்கு ஊசி போடக் கூப்பிட்டப்ப, முப்பது வயசுக்காரன், கொடிக்காலுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டான். அதை நான் யாருகிட்டயாவது சொன்னனா?"

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. பழனியம்மாளே சிரித்துவிட்டாள். "அதை இப்பத்தானக்கா சொல்லிப்போட்டீங்க."

"பூ எடுக்கச் சின்னப்புள்ளை யாராச்சும் வேணும்," என்றார் குணசீலன்.

"எம்பேத்தி எடுப்பா," என்றாள் சௌந்திரம்.

"அவங்களுக்காகக் கேக்கற பூவுங்களே..."

"அதனாலதான் சொல்றேன். அவ கையில என்ன வருதோ வரட்டும்." கனிஷ்காவின் பக்கம் திரும்பினாள். "அஞ்சு மணிக்கு எந்திரிச்சுத் தலைக்கு ஊத்திக்கோ சாமி. ஊசியைப் போட்டுட்டு நாலு இட்லி தின்னுட்டு வா. வெறும் வயித்தோட நிக்க வேண்டாம். ஆத்தா ஒன்னும் சொல்ல மாட்டா."

"அம்மிச்சி, செவப்பு வந்துருச்சுன்னா?"

மேளக்காரர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். பெண்கள் வரிசையாகக் கம்பத்தைச் சுற்றி வரத் தொடங்கினார்கள்.

சௌந்திரம் மஞ்சள் தண்ணீர்ச் செம்பைப் பேத்தியின் கையில் கொடுத்து, வரிசைக்குள் தனக்கு முன்னால் இழுத்து விட்டாள்.

"மொதல்ல இதைக் கம்பத்துக்கு ஊத்து. மத்ததைக் காலைல பார்த்துக்கலாம்."